நெக் ஒட்டுகிறதா? சேண்ட் பேப்பரைக் கையில் எடுக்குமுன் ஒரு நிமிடம்

ஆடி மாதம் இலங்கை மலையகத்து ஹட்டனில் துவாய் காயாது. என் பேஸ் கிட்டாரின் நெக்கும் (இடக்கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) அப்படித்தான். கட்டைவிரலை அதன் முதுகில் வைத்தால் இரண்டாம் ஃபிரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஏழாம் ஃபிரெட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதே வாரம் பண்டாரவளை நண்பர் தொலைபேசியில், "பளபளப்பு லக்கர் நெக்குக்கு மேல ஒன்னும் இல்ல அண்ணே, சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது" என்பார். எங்கள் இருவரிடமும் இருப்பது ஒரே மாடல், ஒரே பூச்சு. தை மாதம் வந்தால் முறைப்பாடு அவருடையது, நான் நிம்மதியாக வாசிப்பேன். இப்படியே மூன்று நான்கு வருடம் வாதாடினோம். நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டு மழைக்காலங்களை என்பது பிறகுதான் விளங்கியது.

தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும். அதே காற்று மலையைத் தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டு போகிறது. ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் வருவது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, ஹட்டனைச் சுற்றிய திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பேஸ் நெக்குக்கும் இதே கணக்குத்தான். ஆகவே கீழே சொல்லும் எந்தக் குறையைப் பார்த்தாலும், எந்த மாதம் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூச்சு எது என்று தெரிய வேண்டும்

பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பாலி (பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்) பூச்சு. அதே பாலியில் பளபளப்பைக் குறைக்கும் தூள் கலந்து அடித்த சாட்டின் பூச்சு. பழைய கிட்டார்களிலும் சில விலை உயர்ந்த புதியவற்றிலும் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லக்கர். கடைசியாக எண்ணெயும் மெழுகும் மட்டும் தேய்த்த நெக்.

ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது நெக்கில் இருந்தது நைட்ரோ. பாலி பூச்சு 1960களின் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. இன்றைய மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ்களின் நெக்குக்குத் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும் தேய்க்கிறார்கள். வார்விக் பேஸ்களும் எண்ணெய், மெழுகு வகைதான். நம் கையில் சுற்றும் செகண்ட் ஹேண்ட் கிட்டார்களில் பத்தில் எட்டு பாலியாக இருக்கும் என்பது என் கைக்கணக்கு.

சந்தேகம் இருந்தால் நெக்கைக் கழற்றி, உடலுக்குள் மறையும் அடிப்பகுதியில் ஒரு சொட்டு நகப்பூச்சு நீக்கியை, அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து, பஞ்சில் தொட்டு வையுங்கள். மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் நைட்ரோ. ஒன்றும் ஆகாவிட்டால் பாலி. வெளியே தெரியும் இடத்தில் இதைச் செய்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

கட்டைவிரல் ஒட்டுகிறது, நெக் பளபளப்பானது

வருகிற முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதுதான். எல்லோரும் நேரே போய் நிற்பதும் சேண்ட் பேப்பர் விற்கும் கடையில்தான். கொஞ்சம் பொறுங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். காய்ந்த பருத்தித் துணியால், பழைய பெனியனே போதும், நெக்கின் முதுகை அழுத்தித் துடைத்து ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். வழுக்குகிறதா? அப்படியென்றால் ஒட்டியது காற்றின் ஈரம். மறுபடி ஒட்டத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் தாங்கினால் துணியை ஆம்ப் மேல் போட்டு வைப்பதோடு வேலை முடிந்தது.

ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பிரிக்கப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பு நெக்கில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மேற்பரப்பு அவ்வளவு வழவழப்பாக இருப்பதால் தோல் முழுவதும் படிகிறது, நடுவில் மெல்லிய நீர்ப்படலம் பிடித்துக்கொள்கிறது. ஊவாவின் வறண்ட மாதங்களில் அந்தப் படலம் இல்லை, அதனால்தான் நண்பரின் நெக் வழுக்குகிறது.

துடைத்த உடனேயே ஒட்டினால் அழுக்கு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. துணியைப் பாருங்கள், பழுப்பாக வரும். கோயில் திருவிழாவில் வாசித்துவிட்டு வந்த கிட்டார் என்றால் மஞ்சளாகவும் வரும். சந்தனமும் விபூதியும் பூசிய கையோடு மேடை ஏறுவோம், அது வியர்வையில் குழைந்து நெக்கில் படிந்து காய்ந்துவிடும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயும் முடியைக் கோதிய கை வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. தண்ணீருக்குப் போகாத பிசுக்குக்குச் சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். அது பாலியையும் நைட்ரோவையும் கெடுக்காது. ஆனால் விறகடுப்பு எரியும் குசினியில் வைத்து வேண்டாம், ஜன்னல் திறந்த அறையில் செய்யுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

சிலர் பேபி பவுடர் போடுகிறார்கள். ஒரு பாட்டுக்கு நன்றாக இருக்கும். மூன்றாவது பாட்டில் வியர்வையோடு சேர்ந்து மாவாகிவிடும்.

இவ்வளவும் செய்தும் ஒட்டுகிறது, நெக் பாலி என்பதும் உறுதி, நீங்கள் இருப்பதும் மழைப் பக்கம் என்றால் இனிப் பளபளப்பைத் தட்டிவிடலாம். கம்பிகளைத் தளர்த்தி, ஃபிரெட் பலகையின் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். சாம்பல் நிற நைலோன் உரசு துணி கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. சமையலறைப் பச்சைத் துணி கரடு, கோடு விழும். நான்கு பூச்சியம் போட்ட மிக நுண்ணிய ஸ்டீல் வூல் என்றால் பிக்கப்புகளையும் (கம்பிகளுக்குக் கீழே ஒலியைப் பிடிக்கும் காந்தப் பகுதிகள்) டேப் போட்டு முழுதாக மூடியே ஆக வேண்டும். உதிரும் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் அப்புறம் எடுக்க முடியாது.

முதல் ஃபிரெட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை, நெக்கின் நீளவாக்கில் மட்டும், லேசாக இருபது தேய்ப்பு. குறுக்கே வேண்டாம், வட்டமாகவும் வேண்டாம். துடைத்து வாசித்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் இருபது. நுண்ணிய கோடுகள் விழுந்து, ஈரமும் காற்றும் போக இடம் கிடைக்கிறது, தோல் முழுவதும் படிவதில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், மனம் மாறினால் கார் பொலிஷ் போட்டுத் தேய்த்துப் பழையபடி பளபளப்பாக்கிவிடலாம். பூச்சை உரித்துவிட்டால் திரும்ப வழியில்லை. பழைய நைட்ரோ நெக்கில் மட்டும் இதைக்கூடச் செய்யாதீர்கள். பூச்சு மெல்லியது, விலையும் போய்விடும்.

ஒட்டுவது மட்டுமில்லை, நகம் வைத்தால் பதிகிறது

பூச்சே இளகிவிட்டது. ஒரு தம்பி கொழும்பில் கல்யாண வீட்டில் வாசித்துவிட்டு வந்து, நெக் பசை மாதிரி ஆகிவிட்டது என்று கொண்டு வந்தார். மலைக்கு நுளம்பு குறைவு, பழக்கமில்லாதவர் கீழே போனதும் நுளம்புக் கிறீமைக் கை நிறையப் பூசியிருக்கிறார். அதில் இருக்கும் டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கும். நைட்ரோவில் உடனே தெரியும், பாலியும் முழுக்கத் தப்பாது. காட்டுப் பக்கம் அட்டைக்குப் பூசும் சில மருந்துகளிலும் இதே டீட் உண்டு. போத்தலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கிருமி நீக்கும் கைத்திரவத்தின் அல்ககோலும் நைட்ரோவுக்கு ஆகாது. அது கையில் முழுதாகக் காய்ந்த பிறகுதான் கிட்டாரைத் தொட வேண்டும்.

இன்னொரு காரணம் ஸ்டாண்ட். நெக்கைத் தாங்கும் இடத்தில் ரப்பர் அல்லது மலிவான பிளாஸ்டிக் உறை இருந்தால், அதிலிருந்து கசியும் எண்ணெய் நைட்ரோவைத் தின்னும். ஒட்டும் இடம் எப்போதும் ஒரே உயரத்தில் பட்டையாக இருந்தால் ஸ்டாண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

இளகிய இடத்தைத் துடைக்காதீர்கள், இழுபடும். காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் தொடாமல் விட்டால் லேசானது இறுகிவிடும். ஆழமாக இளகியது இறுகாது, அதற்குப் புதுப் பூச்சுத்தான்.

முதல் இரண்டு பாட்டுக்கு மட்டும் ஒட்டுகிறது

குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மார்கழி, தை இரவுகளில் வான் வண்டிக்குள் கிடந்த கிட்டாரைச் சனம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் நெக்கில் பனி பூக்கும், மூக்குக்கண்ணாடியில் பூப்பது போல. விடிய முன் புறப்பட்டுக் கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே கதை. பெட்டியைத் திறக்காமல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் மண்டபத்தில் வைத்துவிடுங்கள். நைட்ரோ நெக்குக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு, திடீர் வெப்ப மாற்றத்தில் லக்கர் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும்.

தப்பு அடிக்கிறவர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி இறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் கிட்டாரை அடுப்பருகே காட்டிவிடக் கூடாது. தோல் இறுகும், பேஸ் நெக்கில் பசை இளகும்.

சாட்டின் நெக், ஆனால் நடுவில் மட்டும் ஒட்டுகிறது

மின்குமிழின் கீழே சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அதிகம் தங்கும் மூன்றாம், ஐந்தாம் ஃபிரெட் பக்கம் பளபளத்துக் கிடக்கும். கையே பொலிஷ் போட்டிருக்கிறது. மேலே சொன்ன உரசு துணியால் முழு நீளத்துக்கும் பத்துத் தேய்ப்பு, அந்த இடத்தில் இன்னும் பத்து. சாட்டின் பூச்சு பளபளப்புப் பூச்சை விட மெல்லியதாக இருக்கலாம், மரம் தட்டும் வரை தேய்க்காதீர்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தேவைப்படும், அவ்வளவுதான்.

எண்ணெய் நெக் சொரசொரக்கிறது, கறுக்கிறது

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் பேஸ் வாங்கிய வருடம், ஒரு ஜூன் மாதத்தில், ஒட்டுகிறது என்று 120 நம்பர் சேண்ட் பேப்பரால் பூச்சு முழுவதையும் உரித்து, மேப்பிள் மரத்தை அம்மணமாக விட்டேன். ஒரு வாரம் சொர்க்கம். ஆவணிக்குள் நெக் சாம்பலாகி, அங்கங்கே மையால் தொட்ட மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தேயிலைச் சாயம் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், கத்தியில் கொழுந்துச் சாறு பட்டால் கறுப்பது போல. கையில் இருந்த சாயமும் கம்பியின் இரும்பும் வெறும் மரத்துக்குள் இறங்கிவிட்டன. பூச்சு இருந்திருந்தால் ஈரத்துணியில் போயிருக்கும்.

சொரசொரப்புக்குக் காரணம் வேறு. ஈரம் குடித்த மரத்தின் நார்கள் மேலே எழும்புகின்றன. எண்ணெய் பூசிய நெக்கிலும் பூச்சு தேய்ந்த இடத்தில் இதுவேதான். தொடர்ந்து இரண்டு நாள் மழை இல்லாத நேரமாகப் பாருங்கள். பிழிந்த துணியால் நெக்கை லேசாக ஈரமாக்கி, நார் எழும்பிக் காய்ந்ததும் 400 நம்பர், பிறகு 600 நம்பர் சேண்ட் பேப்பரால் நீளவாக்கில் மெதுவாக. தூளைத் துடைத்துவிட்டு, காய்ச்சிய லின்சீட் எண்ணெய் அல்லது துப்பாக்கிக் கட்டை எண்ணெய் சில சொட்டு மட்டும் துணியில் எடுத்துத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தை முழுதாகத் துடைத்து எடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் பிசுபிசுக்கும். மறுநாள் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் இரண்டாம் பூச்சு. மலைக்குளிரில் போத்தலில் எழுதிய நேரத்துக்குக் காயாது, இரண்டு மடங்கு பொறுங்கள். மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகு மெழுகு.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகும் வகை இல்லை, சிக்கு நாற்றம்தான் மிஞ்சும். நல்லெண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டு, அல்லது தண்ணீரில் ஊறவைத்துத்தான் எறிய வேண்டும். பலகைத் தடுப்பு வைத்த லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறை) இதை மறக்கவே கூடாது.

என்னைக் கேட்டால், ஹட்டன் பக்கம் எண்ணெய் நெக் பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்கு மட்டும். மேப்பிளைச் சுட்டுப் பதப்படுத்திய நெக் கிடைத்தால் பரவாயில்லை, அது ஈரம் குடிப்பது குறைவு.

நெக்கின் ஓரம் கையைக் கீறுகிறது

இது ஊவாக்காரர்களின் ஆகஸ்ட் மாதத்து முறைப்பாடு. பூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலகை காய்ந்து அகலத்தில் சுருங்கியிருக்கிறது, ஃபிரெட்டின் உலோகம் சுருங்கவில்லை, அதனால் முனை வெளியே நீட்டுகிறது. ஓட்டை போட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சை வைத்துக் கிட்டார் பெட்டிக்குள் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நுண்ணிய சிறு அரத்தால் முனைகளை ராவிவிடலாம். வறட்சி உச்சத்தில் இருக்கும்போதே ராவுங்கள், மழை வந்து பலகை விரிந்தால் முனை உள்ளேதான் போகும்.

நெக் தடித்த மாதிரி, கை சீக்கிரம் களைக்கிறது

பூச்சைக் குறை சொல்லி வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் இருப்பது இது. நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் நெக்கின் வளைவு மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது நெக்குக்கு நெக் வேறுபடும், பார்த்தால்தான் தெரியும்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் ஃபிரெட் மேல் இடைவெளி பாருங்கள். 0.3 மில்லிமீற்றர், அதாவது ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இருந்தால் சரி. அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே ஓடும் உலோகத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃபிரெட்டில் பட்டு அதிர்ந்தால் இடப்பக்கம் கால் சுற்று. ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாமல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மழை தொடங்கிய பிறகு ஒன்று, ஓய்ந்த பிறகு ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். சுவரில் மாட்டுகிறவர்கள் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் அது தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் மாட்டியதற்குச் சமம்.

எல்லாம் சரி, ஆனாலும் கைக்குப் பிடிக்கவில்லை

அப்படியானால் உருவம். ஃபெண்டர் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் நெக், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு கட்டை) அருகே சுமார் 38 மில்லிமீற்றர் அகலம். பிரிசிஷன் பொதுவாக 41, 42 மில்லிமீற்றர், பழையவற்றில் 44 வரைகூட உண்டு. நான்கு மில்லிமீற்றர் என்றால் கேட்க ஒன்றுமில்லை, கையில் மலையளவு. இதை எந்தப் பூச்சும் மாற்றாது. ஒரு மாதத்துக்கு யாரிடமாவது மாற்றி வாசித்துப் பாருங்கள். நானும் பண்டாரவளை நண்பரும் போன வருடம் ஜூலையில் அப்படி மாற்றிக்கொண்டோம். அவருடைய வழுக்கும் கிட்டார் ஹட்டனுக்கு வந்த நாலாம் நாளே ஒட்டத் தொடங்கியது. என்னுடையதை அவர் திருப்பித் தர ஐப்பசி வரை இழுத்தடித்தார்.